கிறீன்லாந்து அக்கா தந்த வெறும் கம்பம்

எங்கள் குசினி யன்னலில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மரக் கொடிக்கம்பம் நிற்கிறது. ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். வெள்ளை பூசி, உச்சியில் பொன்னிறக் குமிழ் வைத்தது. அடியில் வட்டமான ஒரு மரப்பலகை, அதில் யாரோ கோப்பையை வைத்த காப்பி வளையம் இன்னும் அழியாமல் இருக்கிறது. கொடி மட்டும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொடி துலைஞ்சு போச்சுதோ?” என்று கேட்பார்கள். இல்லை, இதற்குக் கொடி கிடையாது என்பேன். ஒருமுறை என் மகள் தன் பிறந்தநாளுக்கு எங்கிருந்தோ ஒரு டேனிஷ் கொடியைக் கொண்டுவந்து அதில் கட்டினாள். நான் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. கொடியோடு எனக்கு என்ன கோபம் என்று அவளுக்கு அன்று விளக்கிச் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

டென்மார்க்கில் பிறந்தநாள் என்றால் கொடி. கேக்கில் கொடி, வாசலில் கொடி, பஸ்ஸின் முகப்பில்கூட அரச குடும்பத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் இரண்டு குட்டிக் கொடி. வேலைத்தலத்தில் பிறந்தநாள்காரர் தன் கேக்கைத் தானே சுமந்துகொண்டு வரவேண்டும். மற்றவர்கள் அவருடைய கோப்பைக்கு முன்னால் மேசைக் கொடியை வைத்துப் பாட்டுப் பாடுவார்கள். ‘இதில் அரசியல் ஒன்றும் இல்லை, சந்தோஷத்துக்கு வைப்பது’ என்பார்கள். கொடி என்றாலே யார் வெட்டுப்படப் போகிறார்களோ என்று பயந்த நாட்டிலிருந்து வந்த எனக்கு, அது முதலில் பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. கேக் தின்பதற்காக ஒரு கொடி வைத்திருக்கிறார்களே, இவர்கள் எவ்வளவு குழந்தை மனம் படைத்தவர்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கொடியை வைக்கவேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் கிறீன்லாந்து அக்காதான். ஓகூஸ் நகரத்தின் ஓரத்தில், ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை ஒன்றில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒரே இயந்திரத்தில் நின்றோம். ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு மூலையை அவர் பிடிக்க, இரண்டு மூலையை நான் பிடிக்க, உதறி நேராக்கிச் சூடான உருளைக்குள் கொடுக்கவேண்டும். உருளை அதை இழுத்து, அந்தப் பக்கத்தில் அப்பளம்போல மொறமொறவென்று தள்ளும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் விரிப்பு கோணிவிடும். அதனால் ஒருவருடைய கையை மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கை எனக்கு என் கணவரின் கையைவிட நன்றாகத் தெரியும். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் எல்லோரும் அவரைக் கிறீன்லாந்து அக்கா என்றோம். அக்கா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின், “இந்த ஆலையிலை எனக்குக் கிடைச்ச ஒரே பதவி உயர்வு இதுதான்” என்றார். அவர் பேசியதெல்லாம் டேனிஷ். எனக்கு அது நினைவில் திரும்பி வரும்போது என் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

டேனிஷ் மொழியில், நிற்க முடியாத அளவுக்குக் குடித்தவனைச் சொல்வதற்குக் கிறீன்லாந்துச் சனத்தின் பெயரைச் சேர்த்து ஒரு சொல் உண்டு. திங்கட்கிழமைகளில், சனி ஞாயிறு குடித்த கதையைச் சொல்லும் எவனாவது அதைச் சொல்வான். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, “மன்னிக்கவேணும், உன்னைச் சொல்லேல்லை” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா காப்பியைத் தவிர வேறொன்றும் குடிக்காதவர். அவர் தன்னுடைய ரொட்டிப் பெட்டியை மூடிவிட்டு எழும்பிப் போவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், விரிப்பை உதறுகிற உதறலில் தெரியும். அந்தத் திங்கட்கிழமைகளில் எனக்குத் தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருக்கும்.

அவருடைய தாய் பிறந்த ஊர் கிறீன்லாந்தின் வடக்கே, மிக வடக்கே. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அக்கா பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன், அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு வல்லரசு தன் விமானத்தளத்தைக் கட்டியது. துருவத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்த இன்னொரு வல்லரசின்மேல் பயம். கிறீன்லாந்து டென்மார்க்கின் ஆட்சிக்குள் இருந்ததால் கோபன்ஹேகனைக் கேட்டார்கள், கோபன்ஹேகன் ஓம், கட்டலாம் என்றது. கோடை முழுக்கக் கப்பல் வந்தது, இரைச்சலில் வேட்டை விலங்குகள் விலகிப் போயின. பிறகு ஊரையே எழும்பச் சொன்னார்கள். சில நாள் அவகாசம்தான். நாய் வண்டிகளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு இன்னும் வடக்கே போய், வீடு கட்டி முடியும்வரை கூடாரத்தில் இருந்தார்கள். அப்போது அக்காவின் தாய் கல்யாணமாகாத இளம் பெண். “‘குடிபெயர்ந்தோம்’ எண்டு அம்மா ஒருநாளும் சொல்லமாட்டா. ‘எங்களை ஒதுக்கி வச்சாங்கள்’ எண்டுதான் சொல்லுவா. கட்டிலை ஒதுக்கிப்போட்டுக் கூட்டுறதில்லையோ, அப்பிடி” என்று அக்கா விரிப்புக்கு மேலாகச் சொன்னது நினைவிருக்கிறது. உருளையின் இரைச்சலில் அவர் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

நான் திருகோணமலைக்காரி. அதனால் அந்தக் கதை எனக்குப் புதிதாக இருக்கவில்லை. எங்கள் துறைமுகம் ஆழமானது, மலை சூழ்ந்தது, எந்தக் காற்றுக்கும் கப்பல் பயமில்லாமல் நிற்கலாம். ஊரவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த அழகுதான் எங்கள் தலைவிதி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவன் விட ஒருவன் பிடித்தான். இன்றைக்கும் எங்கள் எண்ணெய்த் தாங்கிகளை எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்று பேப்பரில் சண்டை ஓய்வதில்லை. டேனிஷ்காரரும் ஒருகாலத்தில் வந்தவர்கள்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. இங்கே வந்து, மகளின் வரலாற்றுப் புத்தகத்தை ஒட்டிக் கதை வந்தபோதுதான் தேடிப் படித்தேன். நானூறு வருடங்களுக்கு முன், இங்கிருந்து கப்பல்கள் கறுவாவும் மிளகும் தேடித் திருகோணமலைக்கே வந்தன. கண்டி அரசனோடு பேச்சு சரிவரவில்லை. ஒரு கோட்டையைத் தொடங்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கதை அவ்வளவுதான் என்று இவர்கள் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது முடியவில்லை. இவர்கள் திரும்பவும் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் போர்த்துக்கேயர் அந்த இடத்தில் அவசரமாகக் கோட்டை கட்டினார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கோட்டைக்குக் கல் எடுத்தது எங்கள் கோணேசர் கோயிலை இடித்து.

சின்ன வயதில் அம்மாவோடு அந்தக் கோட்டை வாசலால்தான் கோயிலுக்குப் போவேன். இப்போது உள்ளே இருப்பது இராணுவம். மான்கள் எந்தப் பயமும் இல்லாமல் குறுக்கே நடக்கும். வாசல் தூணில் மீன் செதுக்கிய கல் இருக்கிறது, பழைய கோயிலின் கல். அம்மா ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வா. சிப்பாய் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் கல்லை அங்கே கொண்டுபோய் வைத்தது போர்த்துக்கேயனின் கை என்றாலும், அவனை அவசரப்படுத்தியது ஒரு டேனிஷ் கப்பல் என்பதை நான் அக்காவுக்குச் சொன்னபோது, அவர் உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். ஆலையில் அதை நெருப்புப் பிடித்தாலொழிய அழுத்தக்கூடாது. “அப்ப உங்கட கோயிலை இடிச்சதுக்கும் இவங்கள்தான் காரணமோ?” என்று கேட்டார். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். துணி சிக்கிவிட்டது என்று சொன்னோம்.

பேராசையால் வந்தார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். கிறீன்லாந்தில் திமிங்கில எண்ணெய், எங்களிடம் கறுவா, மிளகு எல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் இருவரும் விரிப்புகளுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசியதில் எனக்குப் பிடிபட்டது வேறு. ஒருவனுடைய ஆசைக்கு ஓரளவில் வயிறு நிரம்பும். ‘நான் எடுக்காவிட்டால் அவன் எடுத்துவிடுவான்’ என்ற பயத்துக்கு வயிறே இல்லை. கிறீன்லாந்துக்கு வந்த டேனிஷ்காரர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, வேறு நாட்டுக் கப்பலோடு அந்தச் சனம் வியாபாரம் செய்யக்கூடாது என்று மறித்தது. தனக்கு வேண்டும் என்பதைவிட மற்றவனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதே பெரிது. மகளின் புத்தகத்தில் வரைபடம் முழுக்க அம்புக்குறிகள் போட்டிருந்தார்கள். அரசுகள் ஏன் விரிந்தன, அதனால் போட்டி அரசுகளுக்கு என்ன ஆயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். போட்டி அரசு என்றால் இன்னொரு கப்பல்காரன். அந்த மண்ணில் இருந்தவர்கள் போட்டிக்காரர்கூட இல்லை, அம்பு போகிற வழியில் கிடந்தவர்கள். எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். அது பள்ளிக்கூடத்துப் புத்தகம், கிழிக்க முடியாது.

எங்கள் ஆட்களை மட்டும் நல்லவர்கள் என்று சொல்லவும் அக்கா விடவில்லை. ஒரு தைப்பொங்கலுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், பழம்பெருமை கொஞ்சம் கூட. சுவரில் புலிக்கொடிக் கப்பல் படம் போட்ட நாட்காட்டி தொங்கியது, ஊர்ச் சங்கம் கொடுத்தது. அதைக் காட்டி, “அக்கா, எங்கட ஆக்களும் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை. ஆயிரம் வரியத்துக்கு முந்தியே கப்பல் கட்டிக் கடல் தாண்டிப் போய்க் கடாரத்தைப் பிடிச்ச சோழன்ர பரம்பரை” என்றார். அவருடைய டேனிஷ் அந்த அளவுக்குப் போதாமல் மகள்தான் இடையிடையே எடுத்துக் கொடுத்தாள். அக்கா பொங்கல் கரண்டியைக் கீழே வைத்தார். “அங்கை இருந்த சனம் வரச்சொல்லிக் கேட்டதோ?”

“இல்லை... அவங்கள் கடல் பாதையை மறிச்சவங்கள். எங்கட யாவாரிகளை விடேல்லை.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்கள்” என்று அக்கா சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டார். அந்தச் சோழன் எங்கள் தீவுக்கும்தான் வந்தான் என்று நான் சொல்லாமல் விட்டது கணவரின் அதிர்ஷ்டம். அக்கா போனபிறகு, “வீட்டுக்கு வந்த மனிசி எண்டு பேசாமல் இருந்தனான்” என்று முணுமுணுத்தார். நாட்காட்டி மட்டும் அடுத்த வாரம் சாமான் அறைக்குப் போய்விட்டது, கொண்டுபோனது நானில்லை.

பிறகு அக்காவின் தாய்க்கு முடியாமல் போனது. தொண்ணூறு வயது கிழவி, அந்த வட ஊரின் முதியோர் இல்லத்தில் கிடந்தா. அவவுக்கு ஒரே ஒரு பிடிவாதம். பழைய ஊர் இருந்த திசையில் யன்னல் இருந்தது, கட்டில் அதற்கு முதுகுகாட்டிப் போடப்பட்டிருந்தது. திருப்பிப் போடச் சொல்வா, யாராவது பாவம் பார்த்துத் திருப்புவார்கள், கூட்டித் துடைக்க வருகிறவர்கள் திரும்பவும் பழையபடி சுவரோடு தள்ளிவிடுவார்கள். “சாகேக்குள்ளையும் அம்மாவை ஒதுக்கித்தான் வைக்கிறாங்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டு, அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருக்க அங்கை நான் வேணும்” என்றார் அக்கா. காலநிலை சரியில்லாவிட்டால் போய்ச் சேரவே நாட்கள் இழுக்கும் தூரம். எங்கள் ஆலையில் கோடைக்கு வெளியே இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடையாது. சாகக் கிடக்கும் உறவைப் பார்க்க நீண்ட விடுமுறை உண்டு, ஆனால் அந்த உறவு இந்த நாட்டுக்குள் சாகவேண்டும் என்று மனேஜர் விளக்கினார். என் அப்பா திருகோணமலையில் கிடந்தபோதும் இதே விளக்கத்தைத்தான் எனக்குச் சொன்னார். அப்பாவின் முகத்தைக் கடைசியாக நான் கைபேசியில் பார்த்தேன். அக்கா விடவில்லை. “கிறீன்லாந்து இந்த நாடு இல்லையோ?” என்று கேட்டார். மனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார்: “இந்த விஷயத்திலை இல்லை.”

அந்த மாதத்தில்தான், கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த, அன்று விமானத்தளம் கட்டிய அதே வல்லரசின் தலைவர் கிறீன்லாந்து தனக்கு வேண்டும் என்று அறிவித்தார். விலைக்கும் கேட்டார், விலைக்கு வராவிட்டால் வேறு வழியும் இருக்கிறது என்றார். டென்மார்க் ஒரே நாளில் மாறிப்போனது. அதுவரை மற்றவன் வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்கு, தங்கள் கதவு தட்டப்பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. தொலைக்காட்சியில் அமைச்சர்கள் பழைய தவறுகளைப் பற்றி நெகிழ்ந்து பேசினார்கள். எங்கள் சாப்பாட்டு அறையில் திங்கட்கிழமைச் சொல் காணாமற் போனது. அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தவனே அக்காவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, “நீ எங்கட ஆள், உன்னை விடமாட்டம்” என்றான். அக்கா காப்பியைத் தொடவில்லை. எனக்குச் சந்தையில் மீன் வாங்கும் அம்மாவின் நினைவு வந்தது. கூடையில் கிடந்து நாறும்வரை எட்டிப் பார்க்காத மீனை, இன்னொருத்தி கையில் எடுத்துப் பார்த்தவுடன் நாலு பேர் கேட்பார்கள்.

ஒரு நாள் மனேஜர் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு கொடிகளோடு வந்தார். ஒரே கம்பத்தில் டேனிஷ் கொடியும் கிறீன்லாந்துக் கொடியும் சேர்த்துக் கட்டியது. உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண்ணும் படம் எடுக்க வந்திருந்தாள். அக்கா கொடியோடு நடுவில் நிற்க, நாங்கள் சுற்றி நிற்கவேண்டும், ‘நாங்கள் ஒரே குடும்பம், ஒரே நாடு’ என்று படத்தின் கீழே போடுவார்கள். அக்கா எழும்பவில்லை. மேசையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டு மனேஜரைப் பார்த்தார்.

“போன மாசம் நாங்கள் வேற நாடு. இந்த மாசம் எப்பிடி ஒரே நாடாய்ப் போனனாங்கள்?”

மனேஜரின் கழுத்து சிவந்தது. விடுமுறை விஷயத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், உனக்கு எப்படியும் ஒழுங்கு செய்கிறேன் என்றார்.

“எனக்கு மட்டும் வேண்டாம். தாய் தேப்பன் தூரத்திலை கிடக்கிற ஆக்கள் இந்த மேசையிலை எத்தினை பேர். எல்லாருக்கும் எண்டால் படம் எடு.”

பத்திரிகைக்காரப் பெண் கமெராவை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் மனேஜர் ஓம் என்றார், எங்களுக்காக இல்லை. ஆனால் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அக்கா எழும்பி நின்றார். படத்தில் அவர் சிரிக்கவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். படம் பெரிதாக்கப்பட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. பக்கத்தில் நான், வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிங்களவரிடம் ஒரு பழமொழி உண்டு, இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியதாக. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரைக் கூப்பிட்ட அரசனைப் பற்றியது. தாயிடம் புறப்படுமுன் அக்கா ஆலையில் நின்ற கடைசி நாளில் அவருக்கு அதைச் சொன்னேன், கடலுக்கு அந்தப் பக்கத்தவனை நம்பிவிடாதீர்கள் என்ற எண்ணத்தில். “எனக்கு ரெண்டும் வேண்டாம். ஆனால் ரெண்டு பேர் கேட்டாத்தான் விலை எண்டால், கேக்கிற நேரத்திலை வாங்கவேண்டியதை வாங்கிப்போடோணும்” என்றார். பிறகு மேசையிலிருந்த கம்பத்தை எடுத்து, இரண்டு கொடிகளையும் கழற்றி மடித்து மனேஜரின் தபால் பெட்டிக்குள் போட்டார். வெறும் கம்பத்தை என் பைக்குள் வைத்தார். “உனக்கு எந்தக் கொடி விருப்பமோ கட்டு. ஒண்டும் கட்டாமலும் வைக்கலாம். அதைத் தாங்கிறதுக்கும் ஒரு மனம் வேணும்” என்றார். கொடியால் நாசமாய்ப் போன ஊரிலிருந்து வந்தவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு வசனம் தொலைபேசியில் சொன்னார். “கட்டிலைத் திருப்பிப் போட்டிட்டன்.” தாய் மேலும் சில வாரங்கள் இருந்து, யன்னலைப் பார்த்தபடியே போனா. அக்கா திரும்பி வரவில்லை. அதே முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

வல்லரசுத் தலைவரின் கவனம் வேறு திசைக்குப் போனது, பத்திரிகைகளும் போயின. எங்கள் சாப்பாட்டு அறையில் திங்கட்கிழமைச் சொல் மெல்லத் திரும்பி வந்தது, மன்னிக்கவேணும் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. இந்த வருடம் என் அம்மா விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறா. தங்கச்சிதான் பார்க்கிறாள். “அக்கா, டொக்டர் வரச்சொல்லுறார். வாறதெண்டால் இப்ப வா” என்றாள். நான் மனேஜரிடம் போய் அவருடைய வாக்கை நினைவூட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, என் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரிந்தவர், அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. “அது ஒரு விசேஷமான காலம்” என்றார். “இப்ப நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டது.” பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். நானூறு வருடத்துக்கு முன் அந்தக் கப்பல்காரர் திருகோணமலையைப் பிடித்து வைத்திருந்து, இன்றைக்கு வேறொருவன் அதைக் கேட்டிருந்தால், எனக்கு இப்போது விடுமுறை கிடைத்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைக்கவைத்தார்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

போன வெள்ளிக்கிழமை என் பிறந்தநாள். கேக் கொண்டுபோனேன், பழக்கத்தை விடவில்லை. என் கோப்பைக்கு முன் கொடி வைத்துப் பாடினார்கள். மனேஜரும் கைதட்டினார். பாட்டு முடிந்ததும் நான் எழும்பிச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, கொடியோடு சேர்த்து அவருடைய தட்டுக்கு முன்னால் வைத்தேன். என் டேனிஷ் கோபத்தில் உடையும், அன்று உடையவில்லை.

“என்ர அம்மாவைப் போய்ப் பாக்கிறதுக்கு எந்த நாடு வந்து எங்கட ஊரைப் பிடிக்கோணும்? சொல்லுங்கோ, நான் அவைக்கு எழுதிக் கேக்கிறன்.”

பிறந்தநாளில் இதையெல்லாம் பேசவேண்டாமே என்றார் மனேஜர், மெதுவாக. பிறகு, இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் வேலைக்குத் தான் பொறுப்பில்லை என்றார். நான் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உருளைக்குத் திரும்பினேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. திங்கட்கிழமை அந்தப் படத்தைத் திரும்பவும் மாட்டியிருந்தார்கள். நான் திரும்பவும் கழற்றினேன். இப்போது அது என் அலுமாரியில் இருக்கிறது.

நாளைக்கு விமானம். எப்போது திரும்புவேன் என்று பயணச்சீட்டில் போடவில்லை. அம்மா எவ்வளவு நாள் இருக்கிறாவோ அவ்வளவு நாள் நானும் இருப்பேன், வேலை இருந்தால் இருக்கட்டும். இன்று காலை மகள் குசினியில் நின்றுகொண்டு, நான் இல்லாதபோது என்னென்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். கறிவேப்பிலைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்று, குளிர் விட்டால் யன்னலைத் திற என்றேன். கம்பத்தைத் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன செய்ய என்று டேனிஷில் கேட்டாள். இந்தக் கதையை அவளுக்கு நேற்றுத்தான் முழுவதும் சொல்லியிருந்தேன்.

“ஒண்டும் கட்டாதை, பிள்ளை. அப்பிடியே நிக்கட்டும்.”

“ஓம்” என்றாள் மகள், தமிழில்.